வலது பக்கத்துப் பாட்டு

புது ஆம்ப்ளிபயர் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதை எங்கே வைப்பது என்பதே பெரிய பேச்சாகிவிட்டது. முதலிபாளையம் பக்கம் வாடகை வீடு. ஒரே வரிசையில் ஆறு வீடுகள், எங்களுடையது நான்காவது. டிவி ஸ்டாண்டில் இடமில்லை. பீரோ மேல் வைத்தால் கை எட்டாது. கடைசியில் என் மனைவி தன் தையல் மிஷினை உள்ளே மடக்கிவிட்டு, பலகையின் மேல் ஒரு வெள்ளைப் பனியன் துணியை இரண்டாக மடித்து விரித்தாள்.

“இங்கயே வெய்யுங்க. நானொண்ணும் தினமும் தெக்கறதில்ல.”

வைத்தேன். நல்ல கனம். கறுப்பு இரும்புப் பெட்டி. அதன் தலையில் நான்கு கண்ணாடி வால்வுகள். முன்னால் ஒரு திருகு, ஒரு சுவிட்ச், ஹெட்போன் சொருகுவதற்கு நான்கு துளை வைத்த வட்டமான சாக்கெட். அவ்வளவுதான். அவள் குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க, பல்பெல்லாம் வெளிய நிக்குது. மூடி குடுக்க மறந்துட்டாங்களா?”

“இல்லம்மிணி. சூடாவும். அதுக்காகத் தொறந்து உட்டிருக்குது.”

“பாட்டுக் கேக்கறதுக்கா, தோசை சுடறதுக்கா?”

பழைய ஆம்ப் தேய்ந்துவிட்டது, வலது பக்கம் சத்தம் குறைகிறது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். வலது பக்கம் குறைந்தது உண்மை. ஆனால் குறைந்தது ஆம்ப்பிலா என் காதிலா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. தீபாவளி போனஸை அப்படியே கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குக் கொடுத்ததற்குக் காரணம் அந்தப் பயம்தான். கோளாறு பழைய பெட்டியில்தான், உன்னிடம் ஒன்றுமில்லை என்று இந்தப் புதுப் பெட்டி எனக்குச் சொல்ல வேண்டும்.

இதைச் செலவில்லாமலே கண்டுபிடிக்கலாம். ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் போதும். இடது காதுக்கானது வலது காதுக்கும், வலது காதுக்கானது இடது காதுக்கும் போகும். குறைச்சல் இடம் மாறினால் கோளாறு பெட்டியில். அதே காதில் நின்றால் காதில். என்னைப்போல் பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லருக்கு இது புது வித்தை இல்லை. தையல் விட்டுப் போனால் நாங்கள் முதலில் செய்வது, அதே துணியைப் பக்கத்து மிஷினில் கொடுத்துப் பார்ப்பது. அங்கேயும் விட்டால் துணியில் கோளாறு, விடாவிட்டால் என் மிஷினில். இதை எத்தனையோ ஆயிரம் முறை செய்திருக்கிறேன். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக அந்த ஹெட்போனை மட்டும் நான் திருப்பி மாட்டவில்லை.

எனக்குப் பாட்டு என்றால் பனியன் கம்பெனிதான். கணியூர் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு திருப்பூருக்கு வந்தவன் நான். நாலு பேர் முன்னால் பேச வராது. யாராவது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் தலையைத்தான் ஆட்டுவேன். அப்படிப்பட்டவனுக்கு மிஷின் முன்னால் உட்காரும் வேலை நல்ல வேலை. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அந்தச் சத்தத்தில் பதிலை எதிர்பார்க்கமாட்டார்கள்.

நான் பதினொரு வருடம் இருந்த கம்பெனி ஒரே நீளமான ஷெட். ஒரு கோடியில் எங்கள் தையல் மிஷின்கள். மறு கோடியில் செக்கிங் டேபிள்கள், அதை ஒட்டி அயர்னும் பேக்கிங்கும். நடுவில் கட்டிங். அப்போதெல்லாம் பாட்டு இல்லாமல் எந்தக் கம்பெனியும் ஓடாது. காலையில் மெயினைப் போடும் கையே டேப் செட்டையும் போட்டுவிடும். கரண்ட் போனால் மிஷினோடு பாட்டும் நிற்கும். அந்த அமைதியில் எல்லோரும் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்வோம். கரண்ட் வந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பும். அந்த இழுவையை எல்லோரும் சேர்ந்து பாடிச் சிரிப்போம். எல்லோரும் பாடுவதால் நானும் பாடுவேன். யாருக்கும் என் குரல் தனியாகக் கேட்காது.

எங்கள் முதலாளி டேப் செட்டோடு இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் ஒன்றை எங்கள் தலைக்கு மேலும் மற்றதைச் செக்கிங் பக்கமும் கட்டச் சொன்னார். பாட்டு வலது இடது என்று இரண்டாகப் பிரிந்து பதிவாகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. வயர் இழுத்த எலக்ட்ரீஷியனும் அதை யோசிக்கவில்லை. வலது பக்கம் எங்களுக்கு வந்தது. இடது பக்கம் அவர்களுக்குப் போனது.

பாடுகிற குரல் இரண்டிலும் வரும். வாத்தியங்கள்தான் பிரிந்துவிடும். எங்கள் பக்கம் தபேலாவும் கிடாரும். அவர்கள் பக்கம் வயலின்களும் புல்லாங்குழலும். நடுவில் முப்பது மிஷின்களின் சத்தம். அந்தக் கோடியில் வாசிப்பது இந்தக் கோடிக்கு வந்து சேராது.

இது எங்கள் யாருக்குமே தெரியாது. ஒரு பாட்டில் பல்லவி முடிந்ததும் எங்கள் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. தபேலா மட்டும் யாரோ தனியாக நடந்துபோவதைப் போல டொக் டொக்கென்று போகும். அது பாட்டில் விட்ட ஓய்வு என்று நினைத்துக்கொண்டோம். மிஷினில் நூல் சுற்றிய கோன் தீர்ந்துபோகும் தறுவாயில் இருந்தால், அந்த இடம் வரட்டும் என்று இழுத்துப் பிடித்துத் தைத்து, அந்த டொக் டொக்கில் கோன் மாற்றுவோம். ஊசியைப் பார்ப்போம். ஒரு வாய் தண்ணீர் குடிப்போம். எங்கள் வரிசை முழுவதும் அந்த இடத்துக்குக் கோன் மாத்தற எடம் என்றே பெயர்.

என் மனைவி அப்போது செக்கிங்கில் இருந்தாள். தைத்த பீஸில் தப்பு இருந்தால், அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவனிடமே கொண்டுவந்து போடுவார்கள். என் பீஸ்களை அவள் கொண்டுவருவாள்.

“உங்க பீஸுங்க. தோள்ல ரெண்டு எடத்துல உட்டுப் போயிருக்குது.”

தலையாட்டுவேன்.

“கழுத்துலயும் ஒண்ணு இருக்குது.”

அதற்கும் ஆட்டுவேன். ஒரு நாள் அவள் போகாமல் நின்றாள். “ஏனுங்க, நீங்க யார்கிட்டயும் பேச மாட்டீங்களா, இல்ல எங்கிட்ட மட்டுந்தான் பேச மாட்டீங்களா?”

எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்? ஆட்டினேன். பக்கத்து மிஷின்காரர் உரக்கச் சொன்னார்: “அவரு பூம்பூம் மாட்டுக்குப் போட்டிக்கு நிக்கறவருங்கோ. தாலி கட்டறப்பவும் தலையத்தான் ஆட்டுவாரு.” வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு ஆறேழு மாதத்தில் பெரியவர்கள் பேசி எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பக்கத்து மிஷின்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து, என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அரிசி புடைத்தபடி அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். பல்லவி முடிந்ததும் நிறுத்தாமல் லலலா என்று நீளமாக ஏதோ இழுத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

“அங்க ஒண்ணும் வராது.”

“என்னங்க வராது? அங்கதானுங்க வயலின் வருது.”

“இல்லம்மிணி. அங்க பாட்டு நிக்கும். கோன் மாத்தற எடம்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “கோன் மாத்தற எடமா? பாட்டு எழுதுனவரு உங்க கோனுக்கு எடம் உட்டாரா?”

இரண்டு நாள் சண்டை. நான் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒருவரோடு வாதாடியது அதுதான் முதல் முறை. மூன்றாவது நாள் பக்கத்து வீட்டில் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கினோம். ஒரே பெட்டியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர் வைத்த ரகம். அவள் ஒரு பக்கம் காதை வைத்தாள், நான் மறுபக்கம் வைத்தேன். பல்லவி முடிந்தது. என் பக்கம் டொக் டொக். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு விரலால் என்னைக் கூப்பிட்டாள். இடம் மாறி உட்கார்ந்தேன். வயலின்கள். கூட்டமாக, படிக்கட்டில் ஏறுவதுபோல ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கின. அத்தனை வருடமாக நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“இதென்னங்க இது, ஒரே பாட்டை ஆளுக்குப் பாதியாக் கேட்டுட்டு இருந்திருக்கறோம்” என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அவள் தன் பக்கத்தை வாயால் வாசிப்பாள். நான் என் பக்கத்தைச் சோற்றுச் சட்டியின் மேல் விரலால் வாசிப்பேன். மகள் பிறந்து விவரம் தெரிந்ததும், நடுவில் வருகிற குரலை அவள் எடுத்துக்கொண்டாள். வெளி ஆள் யாராவது வாசலில் நின்றால் என் விரல் நின்றுவிடும்.

இப்போது நான் இருப்பது பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. பொதுவாகப் பாட்டுப் போடுவதில்லை. அவரவர் காதில் அவரவர் வயர். ஒடிசாப் பையன் அவன் ஊர்ப் பாட்டைக் கேட்கிறான். மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் காலையில் சாமி பாட்டு, மத்தியானம் ஏதோ பட்டிமன்றம் கேட்கிறார். யாருக்கும் யாருடைய பாட்டும் தெரியாது. நல்லதுதான், சண்டையில்லை.

மகள் சென்னையில் வேலைக்குப் போய், முதல் வருடம் எனக்கு ஒரு ஹெட்போன் வாங்கி வந்தாள். காதை முழுதாக மூடுகிற ரகம். இரண்டு காதுக்கும் தனித்தனியாக வயர் இறங்கும். அதற்கு ஒரு பழைய சிடி பிளேயரும் சின்ன ஆம்ப் ஒன்றும் செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கினேன். முதல் நாள் அந்தப் பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினேன். தபேலா வலது காதில், வயலின் இடது காதில், குரல் தலைக்கு நடுவில். அந்த ஷெட் முழுதாக வந்து நின்றது. இந்தக் கோடியில் நான் மிஷினில் இருக்கிறேன். அந்தக் கோடியில் அவள் டேபிளில் பனியனை விரித்துப் பார்க்கிறாள். நடுவில் கட்டிங் கத்தி ஓடுகிறது.

இரண்டு வருடம் அப்படிக் கேட்டேன். பிறகு மெல்ல மெல்ல என் பக்கம் தேய ஆரம்பித்தது. முதலில் கிடார் மங்கியது. பிறகு தபேலாவில் விரல் அடிகள் போய்விட்டன. கனமான அடி மட்டும் மிஞ்சியது. கம்பெனியிலும் ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். “அண்ணோவ், கூப்பிட்டாத் திரும்பறதே இல்ல, பெரிய மனுசனாயிட்டீங்களா?” சிரித்துத் தலையாட்டினேன். கூச்சக்காரனாக இருப்பதில் இப்படி ஒரு வசதி. பதில் வராவிட்டால் கூச்சம் என்று விட்டுவிடுவார்கள். காது கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றாது. எனக்கே கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டேன்.

கோவையில் ஒருவர் வால்வு ஆம்ப் கையால் செய்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் வீட்டு முன்னறையே பட்டறை. என் பழைய ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கினார்.

“இதுல ரெண்டு காதுக்கும் சேர்த்து மூணே வயருங்க. போறது ரெண்டு, திரும்பி வர்றது ஒண்ணு. வர்ற வழி பொது. அதனால ஒரு பக்கம் இன்னொரு பக்கத்து மேல லேசா ஏறும். நான் செய்யறது பேலன்ஸ்டுங்க. காதுக்கு ரெண்டு வீதம் நாலு வயரு. ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்பொ வலது பக்கம் கொறையாதுங்களா?”

“கொறையறதுக்கு வேலையே இல்லீங்க.”

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் போனஸைக் கொடுத்தேன்.

ஹெட்போனின் பழைய பிளக்கை வெட்டிவிட்டு நான்கு முனை உள்ள புதுப் பிளக் வைக்க வேண்டும். தானே வைத்துத் தருவதாகச் சொன்னார். அங்கே இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவரோடு பேச வேண்டியிருக்கும் என்ற பயத்தில், நானே பற்றவைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒரு அட்டையைக் கிழித்து வட்டம் போட்டு, உள்ளே நான்கு புள்ளி வைத்து, எந்த இரண்டு இடதுக்கு, எந்த இரண்டு வலதுக்கு என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு நான் செய்தது டெய்லர் செய்கிற தப்பு. நாங்கள் பனியனை நல்ல பக்கமாக வைத்துத் தைப்பதில்லை. உள்பக்கம் வெளியே இருக்கும். சாம்பிள் மட்டும் நல்ல பக்கமாக எங்கள் முன்னால் தொங்கும். அதைப் பார்த்ததும் இடதை வலதாக, வலதை இடதாகப் புரட்டிக்கொள்வோம். அதற்கு யோசிப்பதே இல்லை, கை தானாகப் புரட்டிக்கொள்ளும். அட்டையில் இருந்த படம் என் கைக்கு சாம்பிளாகத் தெரிந்தது. ஈயம் வைப்பது பிளக்கின் உள்பக்கம் அல்லவா? புரட்டிப்போட்டுப் பற்றவைத்தேன். அவரோ உள்பக்கமிருந்து பார்த்துத்தான் வரைந்திருந்தார். பிளக்கிலேயே பொடிப் பொடியாக எண் இருக்கிறது. அதைப் படிக்கிற கண் எனக்கு இல்லை, கண்ணாடியைத் தேடவும் பொறுமையில்லை.

அன்று மத்தியானம் சுவிட்சைப் போட்டேன். வால்வுகளுக்குள் கம்பி மெல்லச் சிவந்தது. ஒரு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பாட்டு வந்தது.

தபேலா வந்தது. விரல் அடிகள், உள்ளங்கையால் தேய்க்கும் அந்த உறுமல், கிடார் கம்பியில் நகம் படுவது எல்லாம் வந்தது. ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த என் பக்கம் முழுசாக, அப்படியே கழுவித் துடைத்து வைத்ததுபோல. எந்தக் காதில் வந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். வயலின்கள் கொஞ்சம் தூரமாக இருந்தன. புதுப் பெட்டி, வால்வு பழகப் பழகச் சரியாகும் என்று அதையும் ஒதுக்கினேன். என் காது நன்றாக இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

“அம்மிணி! வந்துருச்சு!”

அவள் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். “எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க? லைன் ஊட்டுக்காரங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க.”

ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன். அவள் கண்ணை மூடவில்லை. செக்கிங் டேபிளில் பனியனை விரித்துப் பார்ப்பாளே, அதே பார்வை.

“நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா எம்பக்கம் இந்தப் பக்கம் வருது” என்று வலது காதைத் தொட்டாள். “எப்பவும் வயலின் அந்தக் காதுலதான வரும்?”

“புதுசு. அப்படித்தான் இருக்கும்.”

“புதுசுன்னாப் பட்டன் முதுகுலயா வரும்? எடுங்க அந்த அட்டைய.”

கண்ணாடியை மாட்டி, செல்போன் வெளிச்சத்தில் பிளக்கைத் திறந்து, எண் எண்ணாகப் படித்தாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை. “புரட்டிப் போட்டுத் தெச்சுட்டீங்க” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கம் மாறியிருந்தால், நான் அவ்வளவு நன்றாகக் கேட்டது இடது காதால். தூரமாகப் போன வயலின் வலது காதில் இருந்தது. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

“அதுக்கேனுங்க மூஞ்சி இப்படிப் போவுது? பிரிச்சு மறுபடி வெச்சாச் சரியாப்போச்சு. அது வரைக்கும் இப்படிக் கேளுங்க” என்று சொல்லிக்கொண்டே, பிளக்கை மூடிச் சொருகி, ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி என் தலையில் மாட்டினாள். ஒரு வருடமாக நான் செய்யாமல் ஒளித்து வைத்திருந்ததை அவள் ஒன்றும் தெரியாமல் ஒரே நொடியில் செய்துவிட்டாள்.

தபேலா வலது காதுக்குப் போனது. போன உடனே மறுபடி டொக் டொக் மட்டும்தான். வயலின்கள் இடது காதில் பளிச்சென்று ஏறின.

அவள் உதடு அசைந்தது. சரியா என்று கேட்கிறாள். தலையாட்டினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெட்போனை என் தலையிலிருந்து எடுத்தாள். “ஆட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க.”

“பெட்டியில ஒண்ணுமில்ல அம்மிணி. பழசுலயும் ஒண்ணுமில்ல. காது. வலது காது.”

“எத்தன நாளா?”

“வருசத்துக்கு மேல இருக்கும்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. “வருசமா? நான் தினமும் அந்தப் பக்கம் உக்காந்துதான உங்ககிட்ட எல்லாம் சொல்றேன்? அப்பொ அதெல்லாம்?”

அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

“புள்ள ஜாதகத்த எடுக்கலாமான்னு கேட்டனே, சரீன்னு ஆட்டுனீங்களே!”

“எப்பொ?”

“எப்பொவா? ஏனுங்க, நான் புரோக்கர்கிட்டக் குடுத்துட்டேனுங்க!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவள்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வாடகை ஏற்றப்போகிறார்கள் என்று சொன்னது தெரியுமா? தெரியாது. அவள் தம்பி வீட்டில் விசேஷம் என்றது? தெரியாது. முழங்கால் வலிக்கிறது என்றது? அதற்கும் தலையாட்டியிருக்கிறேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது காதுக்கு வந்தபோது வெகுநேரம் ஒன்றும் இல்லை. கேட்காமலேயே அழுத்திவிடலாமா என்று ஒரு நொடி கை போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அழுத்தவில்லை.

வருடக்கணக்கான மிஷின் சத்தம் என்றார் டாக்டர். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேலை நேரத்தில் காதடைப்பான் போட வேண்டும். கருவி வைத்தால் பேச்சு கேட்கும். கருவி வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. “நீங்க தலையாட்டறதவிட அது ஒண்ணும் அசிங்கமில்லீங்க” என்றாள் என் மனைவி. டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திச் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பிளக்கைப் பிரித்து உட்கார்ந்தேன். அவள் தடுத்தாள்.

“இப்படியே உட்டுடுங்களே. உங்க பக்கம் நல்ல காதுலயே வந்துட்டுப் போவுது.”

நானும் அதை யோசித்திருந்தேன். வாரம் முழுவதும் மிஷினில் உட்கார்ந்து யோசித்திருந்தேன். தபேலா பக்கம் எனக்குக் கேட்கத் தேவையில்லை. பதினொரு வருடம் தலைக்கு மேலேயே ஓடியது. எந்த இடத்தில் எந்த அடி விழும் என்பது என் விரலுக்குத் தெரியும். வயலின் பக்கம் அப்படி இல்லை. அது கல்யாணத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. இன்னும் எனக்கு மனப்பாடம் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் அது எங்கே திரும்பும் என்று காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நல்ல காது அதற்கு வேண்டும்.

இதை அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “உம்பக்கம் எனக்கு நல்லாக் கேக்கோணும்” என்று மட்டும் சொன்னேன். அவள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்தாள். நான் ஈயம் வைத்தேன். ஒவ்வொரு முனையையும் அவள் இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போக விட்டாள்.

வால்வுகள் சூடாகிறவரை காத்திருந்தோம். அவள் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு தொடங்கியதும் ஹெட்போனின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் கேட்டாள்.

“வருதுங்களா?”

“உம்பக்கம் வருது. எம்பக்கம் கொஞ்சந்தான் வருது.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

சொன்னேன். கனமான அடி விழுகிறது, விரல் அடி விழவில்லை. கிடார் இருக்கிறது என்று தெரிகிறது, என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவள் பாட்டை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி போட்டாள். கேட்டுச் சொன்னேன். இன்னொரு இடம் போட்டாள். அங்கே எது போனது, எது மிச்சம் என்று அதையும் சொன்னேன். வெளியே குழாயடியில் யாரோ எங்கள் வீட்டைப் பார்த்து நின்றிருந்தார்கள். அடுப்பில் குக்கர் மூன்றாவது விசிலும் விட்டுவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

“சொல்லுங்க, அப்பறம்?” என்றாள்.